காலி மில்லைப் படிப்பது எப்படி? விக்டோரியா காலத்து ஆலைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்குக் கைவிடப்பட்ட மில் புதிதல்ல. கதாநாயகனைக் கட்டிப்போட்டு அடிக்க வில்லன் தேர்ந்தெடுக்கும் இடமே அதுதான். உடைந்த கண்ணாடி, புறா எச்சம், வரிசை வரிசையாகத் தூண்கள், மேலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம். பெரம்பூர் பின்னி மில்லில் மட்டும் அப்படி எத்தனை சண்டைகள் படமாகியிருக்கும் என்று கணக்கே இல்லை. நாம் அடிதடியைத்தான் பார்ப்போம், பின்னால் நிற்கும் தூணைப் பார்க்க மாட்டோம். இந்தக் கட்டுரை அந்தத் தூணைப் பற்றியது.

இரண்டு மில்கள் சேர்ந்ததுதான் பின்னி. அதில் மூத்ததான பக்கிங்காம் மில் தொடங்கியது 1876ல். விக்டோரியா பிரிட்டனை ஆண்ட காலம் அது (1837 முதல் 1901 வரை). இந்த மாதிரிக் கட்டடம் பிறந்து வளர்ந்த ஊர்கள் வட இங்கிலாந்தில், லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் இருக்கின்றன. ஓல்டாம் நகரின் பிளாட் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகள் செய்த நூற்பு இயந்திரங்கள்தான் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. இன்று அந்த ஊர்களில் பல மில்கள் இடிந்துவிட்டன, சில அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன, இன்னும் சில பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிக் கிடப்பவற்றைத் தேடிப்போய்ப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஒரு கூட்டம் அங்கே உண்டு. 'அர்பன் எக்ஸ்ப்ளோரர்' என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள்.

முதல் தடவை உள்ளே போகிறவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பெரிய காலிக் கூடம், அதற்கு மேல் இன்னொரு காலிக் கூடம். நாலு போட்டோ எடுத்ததும் அலுத்துவிடும். ஆனால் ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அதே காலிக் கூடம் பேச ஆரம்பித்துவிடும். அந்த நாளில் கட்டடத்தையும் இயந்திரத்தின் ஒரு பாகமாகவே கட்டினார்கள். அகலம், உயரம், ஜன்னல், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி எல்லாமே உள்ளே ஓடிய இயந்திரத்துக்கு எடுத்த அளவு. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனாலும் அளவு சுவரிலேயே தங்கிவிடுகிறது. நிலக்கரியின் சூடு எந்த வழியாக நூல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று அந்த வழியைப் பிடித்து நடந்தால் மில்லைப் படித்துவிடலாம்.

புகைபோக்கியில் தொடங்குங்கள்

தூரத்திலிருந்தே தெரிவது புகைபோக்கி. புகையை ஊருக்கு மேலே அனுப்ப மட்டும் அதை அவ்வளவு உயரமாகக் கட்டவில்லை. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு பலமாக அது கீழேயிருந்து புதுக் காற்றை இழுக்கும். அந்த இழுப்புதான் பாய்லருக்குள் எரியும் கரிக்கு ஊதுகுழல். அப்புறம் முதலாளியின் பெருமையும் இருக்கிறது. பிராட்ஃபோர்டில் உள்ள லிஸ்டர் மில்லின் புகைபோக்கி 249 அடி. பக்கத்திலேயே சால்டெய்ரில் 1868ல் எழுந்த புது மில்லின் புகைபோக்கியை வெனிஸ் நகரத்து தேவாலய மணிக்கூண்டின் சாயலில் கட்டினார்கள். கரிப்புகை கக்குவதற்கு ஒரு மணிக்கூண்டு!

பல மில்களில் இப்போது புகைபோக்கி இருக்காது. போல்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெட் டிப்னா அவற்றைச் சாய்த்தே டெலிவிஷனில் புகழ்பெற்றார். அடிப்பகுதியில் பாதிச் சுற்றுக்குச் செங்கல்லை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, கட்டைகளுக்குத் தீ வைப்பார். கட்டை எரிந்து தீர்ந்ததும் புகைபோக்கி அவர் நினைத்த பக்கமாகச் சாயும்.

புகைபோக்கிக்குக் கீழே பாய்லர் கூடம். பெரும்பாலும் அங்கே இருந்தது 'லங்காஷயர் பாய்லர்', 1844ல் காப்புரிமை பெற்ற வகை. படுக்கவைத்த பெரிய உருளை, அதனுள்ளே நெருப்புக்கு இரண்டு குழாய்கள். பாய்லர் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அது படுத்திருந்த செங்கல் தொட்டில் மட்டும் பள்ளமாகக் கிடக்கும்.

பக்கத்தில் ஒரு குளம் இருந்தால் அதன் பெயர் லாட்ஜ். ஆமாம், லாட்ஜ்தான், நம்மூரில் ரூம் போடுகிற லாட்ஜ் அல்ல. பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவியைக் குளிர்ந்த நீரால் மறுபடி தண்ணீராக்கினால் அந்தப் பக்கம் வெற்றிடம் உண்டாகும், அது பிஸ்டனை இன்னும் பலமாக இழுக்கும். அதற்கு நிறைய குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சூடேறிய தண்ணீரை ஆற வைக்கவும் இடம் வேண்டும். அதற்காக வெட்டிய குளம் இது. பல லாட்ஜ்கள் இன்று வாத்து நீந்தும் குளங்கள்.

எஞ்சின் வீடும் கயிற்று வழியும்

மில்லிலேயே அழகான அறை எது என்று கேட்டால் எஞ்சின் வீட்டைத்தான் காட்டுவார்கள். மற்ற இடங்களில் வெறும் வெள்ளையடித்த செங்கல். இங்கே மட்டும் உயரமான வளைவு ஜன்னல்கள், சுவரில் பளபளக்கும் ஓடு. வருகிற விருந்தாளியை முதலில் இங்கேதான் அழைத்து வருவார்கள். எஞ்சினுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் இருந்தது. பர்ன்லி அருகே குவீன் ஸ்ட்ரீட் மில்லின் எஞ்சினுக்கு 'பீஸ்', அதாவது அமைதி என்று பெயர். விக்டோரியா போய்ச் சில ஆண்டுகள் கழித்து, 1907ல், விகன் நகரின் டிரென்ச்சர்ஃபீல்டு மில்லில் நிறுவிய எஞ்சினுக்கு முதலாளி தன் இரண்டு பெண்களின் பெயரையே வைத்தார்: ரீனா, ஹெலன். நம்மூர் லாரிகளின் நெற்றியில் பிள்ளைகள் பெயர் எழுதுகிற அதே மனசு.

எஞ்சின் சுழல்கிறது, சரி. அந்தச் சுழற்சி ஐந்தாவது மாடிக்கு எப்படிப் போகும்? கரண்ட் இல்லாத காலம். ஆரம்பத்தில் ஒரு செங்குத்து இரும்பு அச்சை எல்லா மாடிகளையும் துளைத்து மேலே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு மாடியிலும் பற்சக்கரம் வைத்துச் சுழற்சியைப் பிரித்தார்கள். ஒரு பல் உடைந்தால் மொத்த மில்லும் நிற்கும். 1870களுக்குப் பிறகு பருத்திக் கயிறு வந்தது. எஞ்சினின் ராட்சதச் சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகக் காடிகள் (கயிறு பதியும் பள்ளக் கோடுகள்), காடிக்கு ஒரு கயிறு, ஒவ்வொரு மாடிக்கும் சில கயிறுகள். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை ஓடும்.

இந்தக் கயிறுகள் ஓடுவதற்கு எஞ்சின் வீட்டை ஒட்டி, தரையிலிருந்து கூரை வரை நடுவில் தளமே இல்லாத ஒரு குறுகலான கிணறு மாதிரி இடம் விட்டிருப்பார்கள். அதுதான் கயிற்று வழி. ஒரு மில்லில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயமும், மறந்தும் கால் வைக்கக் கூடாத இடமும் அதுவே. மேல்மாடியில் ஒரு கதவைத் திறந்தால் நேராக ஐந்து மாடி ஆழம்.

தூணில் ஒட்டிய தட்டை

கயிற்று வழியிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நீண்ட அச்சு கிளம்பி, கூரைக்குக் கீழே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். அச்சைத் தாங்க வேண்டியது தூண்தான். அதனால்தான் மில்லின் வார்ப்பிரும்புத் தூண்கள் முழு உருண்டையாக இருப்பதில்லை. தலைக்குச் சற்றுக் கீழே தட்டையான ஒரு முகமும் அதில் போல்ட் துளைகளும் இருக்கும். முன்பு சொன்ன தூண் இதுதான். அந்தத் தட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டே நடந்தால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கழற்றிய அச்சின் பாதை காலி வெளியில் கோடு போட்டாற்போலத் தெரியும். தரையைப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த பலகையில் வெளிறிய நீள்சதுரங்கள், நான்கு மூலையிலும் துளை. இயந்திரம் நின்ற இடங்கள்.

அடுத்து கூடத்தின் அகலத்தைக் காலடி வைத்து அளந்து பாருங்கள். பருத்தி நூற்ற மில்களில் அது கட்டடத்தின் வயதையே சொல்லிவிடும். காரணம் 'மியூல்' என்ற இயந்திரம். போல்டனைச் சேர்ந்த சாமுவேல் கிராம்ப்டன் 1779ல் செய்தது. முந்தைய இரண்டு இயந்திரங்களின் கலப்பு என்பதால் கோவேறு கழுதையின் பெயர். சக்கரம் வைத்த நீண்ட வண்டி ஒன்றில் கதிர்கள், அதாவது நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள், வரிசையாக நிற்கும். வண்டி ஐந்தடி தூரம் வெளியே ஓடி நூலை இழுத்து முறுக்கும், திரும்ப உள்ளே ஓடி முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றும். நாள் முழுக்க இப்படிப் போவதும் வருவதும்தான். கையால் தள்ளியதை 1830 வாக்கில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் தானாக ஓட வைத்தார். அதன் பிறகு வண்டி நீண்டுகொண்டே போனது. நூற்றாண்டின் கடைசியில் 100 அடிக்கு மேல் நீளம், ஒரு வண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள். இந்த மியூலைக் கட்டடத்தின் அகலவாட்டில் நிறுத்துவது வழக்கம். ஆகவே மியூல் நீள நீள மில் அகலமானது. நடுக்கூடம் இருட்டாகிவிடும் என்று ஜன்னலைப் பெரிதாக்கினார்கள், கூரையை உயர்த்தினார்கள். நாற்பது அடி அகலமும் குட்டி ஜன்னலுமாக இருந்தால் பழைய மில். நூற்றிருபது அடி அகலத்தில், சுவரே தெரியாமல் ஜன்னலாக இருந்தால் விக்டோரியாவின் கடைசிக் காலம்.

வண்டியோடு சேர்ந்து நடந்தவர்களையும் சொல்ல வேண்டும். தரை முழுக்க எண்ணெய் வழுக்கும் என்பதால் மியூல் ஓட்டியவர்கள் வெறுங்காலோடுதான் வேலை செய்தார்கள். அறுந்த நூலை ஓடும் வண்டியின் மேல் சாய்ந்தே ஒட்ட வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் சிறுவர்களுக்கு. 1844ன் சட்டப்படி 8 வயதுக் குழந்தையை மில்லில் சேர்க்கலாம்: பாதிப்பொழுது மில், பாதிப்பொழுது பள்ளிக்கூடம். இதைச் சீர்திருத்தம் என்றார்கள்.

தீயும் செங்கல் வளைவும்

கூரையை நிமிர்ந்து பாருங்கள். மர உத்திரமும் பலகையுமா, இல்லை இரும்பு உத்திரங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகளா? இரண்டாவது வகையை நம்மூரின் பழைய ரயில்வே கட்டடங்களிலும் பார்த்திருப்பீர்கள். மில்லில் அது வந்த காரணம் தீ. காற்றில் பஞ்சுத் துகள், தரையில் எண்ணெய், வெளிச்சத்துக்குத் திறந்த சுடர். ஆரம்ப கால மர மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1797ல் ஷ்ரூஸ்பரி அருகே டிதரிங்டனில் சார்ல்ஸ் பேஜ் கட்டிய ஆளிநார் (லினன் துணிக்கான நார்) ஆலையில் தூணும் உத்திரமும் முழுக்க இரும்பு. உலகில் அப்படி எழுந்த முதல் கட்டடம் அதுதான். இன்றைய வானளாவிகளுக்கு அதைப் பாட்டி என்று சொல்வது வழக்கம். பஞ்சைப் பிரித்து ஊதும் புளோ ரூமில்தான் தீ அதிகம் பிடிக்கும் என்பதால் அதற்கு மட்டும் தனியாகக் கனமான சுவர். 1880களில் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் வந்தன. அதற்கான தொட்டியை மாடிப்படிக் கோபுரத்தின் உச்சியில் வைத்தார்கள். கோபுரம் எடுப்பாகத் தெரியுமே என்று மில்லின் பெயரையும் வெள்ளைச் செங்கல்லில் அங்கேயே பதித்தார்கள்.

தறிக்கூடம் வேறு கதை

மாடி மாடியாக நிற்பவை பெரும்பாலும் நூற்பாலைகள். நெசவு நடந்த இடம் ஒரே தளமாகப் பரந்திருக்கும், கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். கோவைப் பக்கத்துப் பழைய மில்களிலும் இந்தக் கூரையைப் பார்க்கலாம். பல்லின் செங்குத்தான பக்கம் கண்ணாடி, அது எப்போதும் வடக்கைப் பார்க்கும். வெயில் நேராக உள்ளே விழாது. நிழலில்லாத, ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். அறுந்த இழையை அந்த வெளிச்சத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். தரைத்தளத்திலேயே வைத்ததற்குக் காரணம் அதிர்வு. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டுப் பறக்கிறது. அப்படி முந்நூறு தறிகளை மாடியில் ஓட்டினால் மாடி தாங்காது.

சத்தத்தைச் சொல்லி மாளாது. லங்காஷயரின் நெசவுப் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்ளக் கற்றார்கள். வாயை நன்றாகத் திறந்து மூடி, முகத்தையும் கையையும் சேர்த்து நடத்தும் அந்தப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும், பக்கத்தில் இருப்பவர் காதில் விழக்கூடாத சமாச்சாரத்தை அப்படியே பேசிக்கொள்வார்களாம்.

எனக்கு இருப்பதிலேயே பிடித்தது இந்த எல்லா விதிகளையும் மீறிய ஒரு மில். லீட்ஸ் நகரின் டெம்பிள் ஒர்க்ஸ். ஜான் மார்ஷல் தொடங்கிய ஆளிநார் நூற்புக் கம்பெனி 1838 வாக்கில் கட்டத் தொடங்கியது. முகப்பு எகிப்தியக் கோயில். நைல் கரையின் எட்ஃபு கோயிலைப் பார்த்து வடித்த கல் தூண்கள், நடுவே லீட்ஸின் மழையும் கரியும். உள்ளே போனால் மாடியே இல்லை. இரண்டு ஏக்கரில் ஒரே கூடம், 396 அடிக்கு 216 அடி. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய ஒற்றை அறை என்று பெயர் வாங்கியது. ஆளிநார் காய்ந்தால் அறுந்துபோகும், காற்றில் ஈரம் வேண்டும். அதற்காகத் தட்டையான கூரையின் மேல் மண் பரப்பிப் புல் வளர்த்தார்கள். புல்லை மட்டமாக வைத்திருக்க ஆடுகளைக் கூரையில் மேயவிட்டார்கள். நிஜமாகவே ஆடுகள்! புல்லுக்கு நடுவே அறுபதுக்கும் மேற்பட்ட கூம்பு வடிவக் கண்ணாடிக் கூண்டுகள் வழியாக வெளிச்சம் இறங்கியது. கூரையில் விழும் மழைநீர் எங்கே போனது? உள்ளே நிற்கும் இரும்புத் தூண்கள் குழாய்கள். தண்ணீர் அவற்றுக்குள்ளேயே இறங்கியது.

மார்ஷல் கம்பெனி 1886ல் மூடியது. பிறகு துணி தைத்தார்கள், தபால் வியாபாரக் கிடங்காக்கினார்கள், கடைசியில் காலி. 2008ல் முகப்புத் தூண்களில் ஒன்று தளர்ந்து கல் நடைபாதையில் விழுந்தது. பிரிட்டிஷ் நூலகத்தை அங்கே கொண்டுவரும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது.

இயந்திரங்கள் எங்கே போயின?

இது எல்லோருக்கும் வரும் சந்தேகம். இவ்வளவு பெரிய மில்லில் ஒரு தறிகூட மிஞ்சவில்லையே? பாதிப் பதில் நம்மூரிலிருந்தே தொடங்குகிறது. 1913ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த ஏறக்குறைய 700 கோடி கெஜம் பருத்தித் துணியில் சுமார் 300 கோடி கெஜத்தை வாங்கியது இந்தியா. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சந்தை சரிந்தது. இந்திய மில்கள் வளர்ந்தன, ஜப்பான் துணி வந்தது, அந்நியத் துணி மறுப்பும் சேர்ந்துகொண்டது. 1931ல் காந்தி லங்காஷயருக்கே போய் வேலையிழந்த மில் தொழிலாளிகளைச் சந்தித்தார். டார்வென் ஊரில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து கைதூக்கி ஆரவாரம் செய்யும் போட்டோ இன்றும் இருக்கிறது.

மீதிப் பதில் ஒரு சட்டம். உபரி இயந்திரங்களை உடைத்தால் நஷ்டஈடு தருவதாக 1959ல் அரசே சட்டம் போட்டது. கதிர்களும் தறிகளும் சம்மட்டியால் உடைபட்டுப் பழைய இரும்பாயின. மிச்சம் ஓடிய மில்களில் இரவு ஷிப்டுக்கு ஆள் பிடிக்க பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்களை வேலைக்கு வைத்தார்கள். பிராட்ஃபோர்டிலும் ஓல்டாமிலும் இன்று தெற்காசியக் குடும்பங்கள் இவ்வளவு பேர் இருப்பது அப்படித்தான். நீங்கள் பார்க்கும் காலி மில்லின் கடைசித் தலைமுறைத் தொழிலாளி பஞ்சாபியோ உருதோ பேசியவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உள்ளே போகலாமா?

இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் அடுத்தவர் இடத்துக்குள் நுழைவது பொதுவாக உரிமையியல் (சிவில்) தவறுதான், போலீஸ் வழக்கு ஆகாது. சொந்தக்காரர் வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும். பூட்டை உடைத்தாலோ நூல் சுற்றும் பாபின் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டாலோ கதை வேறு. 'படம் மட்டும் எடு, கால்தடம் மட்டும் விட்டு வா' என்பது அந்தக் கூட்டத்தின் எழுதாத விதி.

சட்டத்தைவிடத் தரைதான் எனக்குப் பயம். காலி மில் எப்படிச் சாகிறது தெரியுமா? முதலில் திருடர்கள் கூரையின் ஈயத் தகட்டை உரித்துக்கொண்டு போவார்கள். மழை உள்ளே இறங்கும். உத்திரம் சுவருக்குள் செருகியிருக்கும் முனை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதலில் மக்கும். மேலே பலகை முழுசாகத்தான் தெரியும். ஜன்னல் விளிம்பில் ஊதாப் பூக்களோடு பட்லியா செடி முளைத்திருந்தால், அந்தச் சுவருக்குள் தண்ணீர் போக ஆரம்பித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். போட்டோவுக்கு அழகு, அதன் கீழே நிற்க வேண்டாம். நீராவிக் குழாய்களில் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உதிர்ந்ததைக் கையாலோ காலாலோ கிளறாதீர்கள். தீ இன்னும் போகவில்லை: கீத்லி நகரின் டால்டன் மில் 2022 மார்ச்சில் எரிந்தது.

முதல் மில்லாக அனுமதியோடு பார்க்கக்கூடிய ஒன்றையே தேர்ந்தெடுங்கள் என்பேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கிலாந்தில் பாரம்பரியக் கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடும் நாட்கள் உண்டு, வழக்கமாகப் பூட்டியிருக்கும் சில ஆலைகளும் அப்போது திறக்கும். சால்டெய்ரில் டைட்டஸ் சால்ட் 1853ல் தன் 50வது பிறந்தநாளில் திறந்த மில் இருக்கிறது. 545 அடி நீளம். 1986ல் மூடியதும் அடுத்த ஆண்டே ஜொனாதன் சில்வர் அதை வாங்கினார். பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள் இப்போது அங்கே தொங்குகின்றன. ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தூணையும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம் பர்ன்லியின் குவீன் ஸ்ட்ரீட் மில். 1982ல் நெசவு நின்று அருங்காட்சியகமான இடம். சுமார் 300 தறிகள், அச்சு, பெல்ட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மற்ற மில்களில் துளையாகவும் கறையாகவும் பார்த்ததற்கெல்லாம் இங்கே உடம்பு இருக்கிறது. சில தறிகளை ஓட்டியும் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ஏதாவது சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. அவர் உங்கள் உதட்டைத்தான் பார்ப்பார்.